வாசலில் நிற்கும் அமானிதம்

ஃபஜ்ருத் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் வெளியே வரும் வேளையில் பள்ளிவாசலின் முன்பாக நிற்கும் இருசக்கர வாகனங்களை ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். ஜவுளி மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் வியாபாரி, மக்தபில் ஓதிக் கொடுக்கச் செல்லும் ஹஜ்ரத், அதிகாலையில் சந்தைக்கு விரையும் இறைச்சிக் கடைக்காரர், கல்லூரிக்குச் செல்லும் மாணவர் என அனைவருடைய அன்றாட வாழ்வும் அந்த இரண்டு சக்கரங்களின் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த நிலை எல்லாக் காலத்திலும் இருந்ததன்று. 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்ட பின்னரும்கூட, மோட்டார் சைக்கிள் என்பது வசதி படைத்தோரின் வாகனமாகவே இருந்தது. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட்டும், 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வண்டியும் வந்த பிறகுதான் சிறு வியாபாரியும் சம்பளக்காரரும் சொந்த வண்டியைப் பற்றி எண்ணத் தொடங்கினர். இன்றோ ஒரே வீட்டில் இரண்டு, மூன்று வண்டிகள் நிற்பதைக் காண்கிறோம். அல்ஹம்துலில்லாஹ்! இது நம் மக்களுக்குக் கிடைத்த வசதிதான், ஐயமில்லை.

ஆனால் இந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கும் மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதே ஆண்டில் தலைக்கவசம் அணியாமல் மாண்டவர்கள் 50,029 பேர். அவர்களுள் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். அந்த ஆண்டில் மாநிலங்களுள் மிக அதிகமான விபத்துகள் பதிவானது நம்முடைய தமிழ்நாட்டில்தான்.

இவை வெறும் எண்கள் அல்ல. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் இத்தா இருக்கும் ஓர் இளம் பெண் இருக்கிறாள். மகனின் ஜனாஸாவுக்குப் பின்னால் தள்ளாடி நடக்கும் ஒரு தந்தை இருக்கிறார். ஆகவே, நம் வாசலில் நிற்கும் வண்டியைப் பற்றிக் குடும்பத்தார் அனைவரும் சற்றே அமர்ந்து சிந்திப்பது அவசியமாகிறது.

அருட்கொடையும் பொறுப்பும்

வாகனத்தில் ஏறி அமர்ந்ததும் ஓதும் துஆவை நம் பிள்ளைகள் மக்தபிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அது திருக்குர்ஆனின் ஸூரத்துஸ் ஸுக்ருஃபில் 13, 14-ஆம் வசனங்களில் இடம்பெறுகிறது. இந்த வாகனத்தை வசப்படுத்தும் ஆற்றல் நமக்கு இயல்பாக இல்லை, இறைவனே இதை வசப்படுத்தித் தந்தான், அவனிடமே நாம் திரும்பிச் செல்பவர்கள் என்பது அதன் கருத்து. வாகனத்தின் மேல் அமரும் அதே கணத்தில் மரணத்தையும் நினைவூட்டும் துஆ அது. ஓதி முடித்த உடனேயே ஆக்ஸிலேட்டரை முழுவதுமாக முறுக்குபவர், தாம் ஓதியதன் பொருளை அறிந்தவராக இருக்க முடியாது.

'எல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான்' என்று சிலர் கூறுவதுண்டு. தவக்குல் என்பது மிக உயர்ந்த பண்பு. ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன் மேல் பொறுப்பைச் சாட்டுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்கவில்லை என்பதை நாம் அறிவோம். இன்றைய ஒட்டகத்தைக் கட்டும் கயிறு எது? தேயாத டயர், பிடிக்கும் பிரேக், இறுக மாட்டிய தலைக்கவசம், முறையான லைசென்ஸ் ஆகியவைதாம்.

பழைய வண்டி வாங்குவோர் கவனத்திற்கு

வட்டியைத் தவிர்க்க விரும்பும் பல குடும்பங்கள், தவணையில் புது வண்டி வாங்காமல், கையிலுள்ள தொகைக்கு ஏற்பப் பழைய வண்டி ஒன்றை வாங்குகின்றன. மிக நல்ல முடிவு. ஆனால் பழைய வண்டி வாங்குவதில் கவனம் இரு மடங்கு தேவை.

முதலில், ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்டவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். வண்டியின் மேல் கடன் இருந்திருந்தால், அது தீர்ந்ததற்கான சான்று பெற்று ஆர்.சி.யிலிருந்து அந்தப் பதிவு நீக்கப்பட்டுள்ளதா என்று கேளுங்கள். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும் நேரத்தில் சென்று முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்ப்பது நல்லது. விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் குறைகள் தெரிவதில்லை. சைலன்சரில் நீலநிறப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள். நேரான சாலையில் வண்டி ஒருபக்கமாக இழுத்தால் ஃபோர்க்கோ சேசிஸோ வளைந்திருக்கக்கூடும்.

மிக முக்கியமானது, பெயர் மாற்றம். படிவம் 29, 30 ஆகியவற்றில் கையொப்பமிட்டுக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். மாநிலத்திற்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்றவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்றும், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு அவரையே சாரும் என்றும் உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்துள்ளது. ஊரை விட்டு வெளிநாடு செல்லும் நம் சகோதரர்கள், வண்டியை மச்சானிடமோ நண்பரிடமோ விற்றுவிட்டுப் பெயரை மாற்றாமல் விமானம் ஏறிவிடுகின்றனர். நான்கு ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்ற அறிவிப்பு அவர்களுடைய வீட்டுக் கதவைத் தட்டும்போது, வண்டி யார் கையில் இருக்கிறது என்பதுகூட அவர்களுக்குத் தெரிவதில்லை.

இன்ஷூரன்ஸ் பற்றி மார்க்க அறிஞர்களிடையே பல ஆய்வுகள் உண்டு. ஆனால் மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டியைச் சாலையில் ஓட்டவே சட்டம் இடமளிப்பதில்லை. நம் வண்டியால் ஒருவர் காலை இழந்தால் அவருக்குச் சேர வேண்டிய இழப்பீடு அவருடைய ஹக். காப்பீடு இல்லையெனில் அந்தத் தொகை நம் வீட்டையும் நிலத்தையும் விற்றுக் கொடுக்க வேண்டியதாகிவிடும். இதை மறந்துவிடலாகாது.

நாள்தோறும் 5 நிமிடங்கள்

ஒளூச் செய்வதற்கு நாம் ஒதுக்கும் நேரம்தான் வண்டியை அன்றாடம் பார்வையிடவும் தேவைப்படும். சாவியைப் போடுவதற்கு முன்னால் வண்டியை ஒருமுறை சுற்றி வாருங்கள்.

டயரில் ஆணி, கண்ணாடித் துண்டு ஏதேனும் ஏறியிருக்கிறதா? காற்று குறைந்திருக்கிறதா? வாரம் ஒருமுறை, டயர் குளிர்ந்திருக்கும் நேரத்தில் காற்றை அளந்து பார்க்க வேண்டும். எவ்வளவு காற்று என்பது வண்டிக்கு வண்டி மாறுபடும். செயின் கவரின் மேலோ கையேட்டிலோ அந்த அளவு குறிக்கப்பட்டிருக்கும். பின்னால் ஒருவர் அமரும்போது பின்சக்கரத்துக்குக் கூடுதல் காற்று வேண்டும் என்பதையும் அங்கேயே காணலாம். டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடு ஒன்று இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. ஈரச் சாலையில் அது சோப்புக்கட்டி போல வழுக்கும்.

அடுத்து, இரண்டு பிரேக்குகளையும் அழுத்திப் பாருங்கள். டிரம் பிரேக் உள்ள வண்டியில் பிரேக்கை அழுத்தும்போது டிரம்மின் மேலுள்ள சிறிய அம்புக்குறி நகர்வதைக் காணலாம். அது அங்குள்ள அடையாளத்தைத் தொட்டுவிட்டால் பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது. இனி நட்டை முறுக்கிப் பயனில்லை, ஷூவை மாற்றியே ஆக வேண்டும். டிஸ்க் பிரேக் உள்ளோர் கைப்பிடி அருகிலுள்ள சிறு கண்ணாடித் துளையில் பிரேக் ஆயிலின் மட்டத்தைப் பார்க்க வேண்டும்.

முன் பிரேக்கைத் தொட்டாலே கவிழ்ந்துவிடுவோம் என்று நம்மில் பலர் அஞ்சுகின்றனர். உண்மை வேறு. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்சக்கரத்தின் மேல் இறங்குகிறது. ஆகவே நிறுத்தும் வலிமையில் பெரும்பகுதி முன் பிரேக்கிடமே உள்ளது. இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தப் பழக வேண்டும். மணலிலும் வளைவிலும் மட்டும் முன் பிரேக்கைத் திடீரென்று பிடிக்கக் கூடாது.

பின்னர் முன்விளக்கு, பின்விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன் ஆகியவற்றைச் சோதியுங்கள். பின்விளக்கு எரியாத வண்டி இரவில் லாரி ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

செயினும் ஆயிலும்

வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பவை இந்த இரண்டும்தான். ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், மழையில் ஓட்டிய பிறகும் செயினைத் துடைத்து எண்ணெய் இட வேண்டும். பழைய பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, துணியால் உலரத் துடைத்து, பிறகு கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு செயினைத் துடைப்பது பேராபத்து. துணியோடு விரல்களும் பற்சக்கரத்துக்குள் சென்றுவிடும். இன்ஜினை நிறுத்தி, சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றியே செய்ய வேண்டும்.

செயினின் கீழ்ப்பகுதியை நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் பெரும்பாலான 100 சி.சி. வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை அசைய வேண்டும். அதைவிடத் தளர்ந்தால் செயின் கழன்று சக்கரத்தைப் பூட்டிவிடும்; இறுகினால் பேரிங் கெடும். ஸ்பிராக்கெட்டின் பற்கள் கொக்கி போல வளைந்துவிட்டால் செயினை மட்டும் மாற்றாமல் இரண்டு ஸ்பிராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல், புதுச் செயினையும் விரைவில் தின்றுவிடும்.

சிறிய வண்டியின் இன்ஜினுக்குள் இருப்பது சுமார் 1 லிட்டர் ஆயில்தான். அந்த ஒரு லிட்டரே இன்ஜினையும் கியரையும் கிளட்ச்சையும் காக்கிறது. கையேட்டில் குறிப்பிட்ட கிலோமீட்டரில் தவறாது மாற்ற வேண்டும். இடையில் வாரம் ஒருமுறை, வண்டியை நேராக நிறுத்தி அளவுகோலை எடுத்துப் பாருங்கள். விலை குறைவு என்று காருக்குரிய ஆயிலை ஊற்ற வேண்டாம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தட்டுகள் ஆயிலுக்குள்ளேயே மூழ்கியிருக்கின்றன. கார் ஆயில்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் கலந்திருப்பதால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும்.

வழியில் நின்றுவிட்டால்

குடும்பத்தோடு செல்லும்போது ஆள் நடமாட்டமற்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டால் பதற்றம் வருவது இயற்கை. முதலில் வண்டியைச் சாலையை விட்டு இறக்கி, பெண்களையும் குழந்தைகளையும் பாதுகாப்பாக நிற்க வையுங்கள். பிறகு நிதானமாகச் சிந்தியுங்கள். பெட்ரோல், தீப்பொறி, காற்று ஆகிய மூன்றும் இருந்தால் இன்ஜின் ஓடும். மூன்றில் எது இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் மெக்கானிக்கின் வித்தையெல்லாம்.

கைப்பிடியில் உள்ள சிவப்பு நிறச் சுவிட்ச் தவறுதலாக அணைந்திருக்கிறதா? புதிய வண்டிகள் பலவற்றில் சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தால் இன்ஜின் ஓடாது, அதையும் பாருங்கள். டேங்கைத் திறந்து பெட்ரோலைக் கண்ணால் காணுங்கள். பழைய வண்டியானால் பெட்ரோல் குழாயை 'ரிசர்வ்' நிலைக்குத் திருப்புங்கள். டேங்க் மூடியைத் திறந்தவுடன் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, பிறகு வண்டி ஓடத் தொடங்கினால், மூடியிலுள்ள நுண்துளை அடைத்திருந்தது என்று அறியலாம்.

அடுத்தது ஸ்பார்க் பிளக். வண்டியில் வரும் கருவிப் பையிலேயே அதற்கான ஸ்பானர் இருக்கும். இன்ஜின் சற்று ஆறிய பிறகு கழற்றிப் பாருங்கள். அதன் முனை இளம் பழுப்பு நிறமாக இருந்தால் இன்ஜின் நலமாக உள்ளது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதியாகச் செல்கிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். வெளுத்திருந்தால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. துடைத்து மாட்டினால் பெரும்பாலும் வீடு வந்து சேரலாம். ஒரு புதிய பிளக்கைச் சீட்டுக்கு அடியில் வைத்திருப்பது பெரிய செலவன்று.

2020 ஏப்ரல் முதல் புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்ததால், அதன் பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. கணிப்பொறி போன்ற ஒரு கருவியே பெட்ரோலை அளந்து தெளிக்கிறது. இவ்வகை வண்டியில் மீட்டரில் இன்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு தொடர்ந்து எரிந்தால் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு செல்வதே முறை. டேங்கிலுள்ள பெட்ரோல் பம்ப்பைக் குளிர்விப்பது பெட்ரோல்தான் என்பதால், அடிமட்டம் வரை வற்றவிட்டு ஓட்டும் பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2023 டிசம்பர் 18-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறந்திருக்க முடியாது. 2015 டிசம்பரில் சென்னை கண்ட வெள்ளமும் அத்தகையதே. அவ்வாறான நாட்களில் வண்டிகள் நீருக்குள் மூழ்கிவிடுகின்றன.

தண்ணீர் வடிந்ததும் ஆவலோடு கிக்கரை உதைப்பதுதான் வண்டிக்கு நாம் இழைக்கும் முதல் தீங்கு. காற்றைப் போலத் தண்ணீர் சுருங்காது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் பிஸ்டன் அதை அழுத்த இயலாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆகவே பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டியை ஒர்க்ஷாப்புக்குத் தள்ளிச் செல்லுங்கள். பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்ற வேண்டும். இன்ஜின் ஆயில் தேநீரில் கலந்த பால் போல வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது. வடித்துவிட்டுப் புதிய ஆயில் ஊற்ற வேண்டும். டேங்கிலுள்ள பெட்ரோலையும் முழுவதுமாக மாற்ற வேண்டும். இன்று விற்கப்படும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது நீரை எளிதில் ஈர்த்துக்கொள்கிறது. காப்பீட்டில் இழப்பீடு கோருவோர் வண்டி மூழ்கிய நிலையிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்வது நலம்.

வளைகுடா சென்ற சகோதரரின் வண்டி மாதக்கணக்கில் வீட்டில் நிற்பதும் உண்டு. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பேட்டரி இணைப்பைக் கழற்றி, கார்புரேட்டரிலுள்ள பெட்ரோலை வடித்துவிட்டு, துணியால் மூடி வைத்தால் திரும்பி வரும்போது அதிகச் செலவின்றி ஓடும். காப்பீடு காலாவதியாகும் நாளையும் வீட்டார் குறித்து வைக்க வேண்டும்.

பர்தாவும் பின்சக்கரமும்

இனி நம் இல்லத்துப் பெண்மணிகளுக்குரிய செய்தி. பின்னால் அமரும்போது பர்தாவின் ஓரமோ, துப்பட்டாவோ, சேலைத் தலைப்போ பின்சக்கரத்திலும் செயினிலும் சிக்கிக்கொள்வதால் நேரும் விபத்து மிகக் கொடியது. ஓடும் சக்கரம் துணியை ஒரு நொடியில் சுருட்டி இழுத்து, அமர்ந்திருப்பவரைத் தரையில் வீழ்த்துகிறது. துப்பட்டா கழுத்தைச் சுற்றியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இதனால்தான் பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பும், பின்னால் இருப்போர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்க ஃபுட்ரெஸ்ட்டும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. அழகு கெடுகிறது என்று அந்தத் தடுப்பை இளைஞர்கள் கழற்றி எறிந்துவிடுகின்றனர். அன்புத் தாய்மாரே! உங்கள் மகனுடைய வண்டியில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையெனில் மாட்டும்வரை அதில் ஏறுவதில்லை என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

ஏறி அமர்ந்ததும் பர்தாவின் இரு ஓரங்களையும் திரட்டித் தொடைகளுக்கு அடியில் செருகிக்கொள்ள வேண்டும். துப்பட்டாவின் நுனிகளைப் பின் குத்தி உடையோடு சேர்த்துவிட வேண்டும். ஓட்டுபவர் புறப்படுமுன் திரும்பிப் பார்த்து, 'துணி சரியாக இருக்கிறதா?' என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். ஸ்கூட்டரைத் தாமே ஓட்டும் சகோதரிகள் முகத்திரை காற்றில் எழுந்து கண்ணை மறைக்காதவாறு கட்டிக்கொள்வதும், அதன் மேல் தலைக்கவசத்தை அணிந்துகொள்வதும் கட்டாயம். நிகாப் அணிந்திருப்பதால் தலைக்கவசம் தேவையில்லை என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. எந்த மார்க்கச் சட்டமும் உயிரைப் பணயம் வைக்கச் சொல்லவில்லை.

தொப்பியும் தலைக்கவசமும்

'பள்ளிக்குத்தானே செல்கிறேன், பக்கத்துத் தெருதானே' என்று கூறித் தொப்பியோடு புறப்படுகிறோம். தலை தரையில் மோதுவதற்குப் பக்கத்துத் தெரு, தூரத்து ஊர் என்ற வேறுபாடு தெரியாது. 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். தொப்பியோடு மாடியிலிருந்து குதிக்க நாம் முன்வருவோமா?

பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தலைக்கவசம் அணிவதால் மரண அபாயம் நூற்றுக்கு 42 பங்கும், தலைக்காய அபாயம் நூற்றுக்கு 69 பங்கும் குறைவதாகக் கண்டுள்ளனர். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசங்களை மட்டுமே விற்க வேண்டும் என்பது 2021 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள விதி. அளவு சரியாக இருக்க வேண்டும். தாடைப் பட்டையைப் பூட்ட வேண்டும். பட்டை பூட்டாத கவசம் விழும்போது தலைக்கு முன்னதாகவே பறந்துவிடும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் பயன்படுத்தக் கூடாது; உள்ளே இருக்கும் தெர்மோகோல் அடுக்கு நசுங்கிவிட்டால் அது மீண்டும் காக்காது.

பின்னால் அமர்பவருக்கும், 4 வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் தலைக்கவசம் உண்டு. அணியாதவருக்கு ரூ. 1,000 அபராதமும், 3 மாதங்கள் லைசென்ஸ் தகுதி நீக்கமும் சட்டத்தில் உள்ளன. ஆனால் நாம் போலீசாருக்கு அஞ்சி அணிவதைவிட, நம்மை நம்பி வீட்டில் காத்திருப்போரை எண்ணி அணிவதே சிறப்பு.

சாவி யார் கையில்?

இக்கட்டுரையில் பெற்றோர் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. வெளிநாட்டில் வெயிலிலும் மணலிலும் உழைக்கும் தந்தை, பத்தாம் வகுப்பில் தேறிய மகனின் ஆசைக்கு இணங்கிப் பணம் அனுப்புகிறார். 'எல்லாப் பிள்ளைகளும் வைத்திருக்கிறார்கள், என் பிள்ளை மட்டும் நடந்து போவதா?' என்று தாய் வாதாடுகிறாள். 15 வயதுப் பிள்ளையின் கையில் 150 சி.சி. வண்டியின் சாவி வந்துவிடுகிறது. அது பாசத்தின் வெளிப்பாடுதான். ஆனால் அந்தப் பாசம் பிள்ளையைக் காக்குமா?

கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வயது நிறையாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளரே குற்றவாளி. 3 ஆண்டுகள் வரை சிறையும் ரூ. 25,000 அபராதமும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. அவனால் வேறு ஒருவர் உயிரிழந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு அதை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளவும் இடமுண்டு. தந்தை பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்தது ஒரே மாலையில் கரைந்துவிடும்.

இவை அனைத்தையும்விடப் பெரிய இழப்பு, அந்தப் பிள்ளையே இல்லாமற் போவது. 'வாப்பா வாங்கிக் கொடுத்த வண்டியில்தான் போனான்' என்ற சொல்லைத் தந்தை மறுமை வரை சுமக்க வேண்டியிருக்கும். ஆகவே, 'இப்போது வேண்டாம், 18 வயது நிறைந்து லைசென்ஸ் எடுத்த பிறகு, இன்ஷா அல்லாஹ்!' என்று சொல்வதற்குப் பெற்றோர் தயங்கக் கூடாது. மறுப்பதும் பாசமே.

பாதைக்குரிய உரிமை

ரமளானில் தராவீஹ் முடிந்ததும், பெருநாள் இரவிலும், சில இளைஞர்கள் மூவர், நால்வராக ஒரே வண்டியில் ஏறிக்கொண்டு, சைலன்சரைக் கழற்றிவிட்டு ஊரைச் சுற்றுவதைக் காண்கிறோம். நோயாளிகள் உறங்கும் தெரு அது; பச்சிளங்குழந்தைகள் அலறி விழிக்கும் வீடுகள் அவை. மாற்றுமதச் சகோதரர்களும் வாழும் ஊரில், புனித இரவின் பெயரால் இத்தகைய ஆரவாரம் எழுவது சமுதாயத்திற்கே தலைக்குனிவன்றோ? பாதையில் கிடக்கும் துன்பம் தரும் பொருளை அகற்றுவதையும் ஈமானின் ஒரு கிளையாகக் கற்பித்த மார்க்கத்தைச் சார்ந்த நாம், பாதைக்கே துன்பமாக மாறிவிடலாமா?

ஜும்ஆவுக்கு விரைந்து வந்து, பிறர் வீட்டு வாசலையும் ஆம்புலன்ஸ் செல்லும் வழியையும் மறித்து வண்டியை நிறுத்துவதும் இவ்வகையைச் சார்ந்ததே. ஜமாஅத் நிர்வாகிகள் வண்டி நிறுத்தும் இடத்தைக் கோடிட்டுக் காட்டி, இரண்டு இளைஞர்களை ஒழுங்குபடுத்த நியமித்தால் போதும். ஆண்டுக்கு ஒருமுறை நல்ல மெக்கானிக் ஒருவரை மஹல்லாவுக்கு அழைத்து, இளைஞர்களுக்குப் பிரேக்கும் செயினும் சரிபார்க்கக் கற்றுக் கொடுக்கலாம். வேலை தேடும் பிள்ளைக்கு அதுவே ஒரு தொழிலாகவும் அமையலாம்.

சாலையில் யாரேனும் அடிபட்டுக் கிடந்தால் ஒதுங்கிச் செல்லாதீர்கள். 108-க்குத் தகவல் கொடுங்கள். உதவுபவரைச் சட்டம் துன்புறுத்தாது என்பதை 2019-ன் திருத்தம் உறுதி செய்துள்ளது. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரத்திற்கு இலவச மருத்துவம் அளிக்கப்படுகிறது.

அன்பிற்குரியவர்களே! இந்த இதழைக் கீழே வைத்ததும் வாசலுக்குச் சென்று உங்கள் வண்டியைப் பாருங்கள். காற்று, பிரேக், செயின், பின்சக்கரத் தடுப்பு, காப்பீட்டு நாள், வீட்டில் உள்ள தலைக்கவசங்களின் எண்ணிக்கை ஆகிய ஆறையும் சரிபாருங்கள். குறையுள்ளதை இந்த வார ஜும்ஆவுக்கு முன் சரி செய்துவிடுங்கள். நம் கையில் உள்ளது அவ்வளவுதான். அதைச் செய்து முடித்த பிறகு தவக்குல் வைப்போம்.

வீட்டை விட்டுப் புறப்படும் ஒவ்வொருவரையும் நலமாக வீடு திரும்பச் செய்வானாக! நம் பிள்ளைகளை நம் கண்களுக்குக் குளிர்ச்சியாக நீண்ட காலம் வாழச் செய்வானாக! ஆமீன்.